நின்று போன வண்டிக்கு என்ன விலை?

'கேரவன்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும்போது ஓரமாக நிற்குமே, குளிர்சாதன வசதியுள்ள பெரிய வண்டி, அதுதானே? நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் ஓய்வெடுக்கவும் அது பயன்படுகிறது. ஆனால் வண்டிக்குள் வீடு கட்டும் எண்ணம் சினிமாவுக்காகப் பிறந்தது அன்று. ஊர் ஊராகச் சுற்றுபவர்கள் சத்திரம் தேடாமல், சமைத்து உண்டு, படுத்து உறங்கி, மறுநாள் அப்படியே கிளம்புவதற்காகப் பிறந்தது.

ஜெர்மனியில் 1951-ஆம் ஆண்டிலேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் கட்டில், அலமாரி, சிறு மேசை எல்லாம் பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். 1960-களிலும் 70-களிலும் அத்தகைய வேன்களில் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே இந்தியா வரை வந்து சேர்ந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி வெடித்தது. அதே ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்தன. அந்த வழி அடைபட்டது.

நம் நாட்டிலும் வேன்களுக்குப் பஞ்சமில்லை. பூனாவிலிருந்து வந்த மெட்டடார் வேனை உங்கள் தாத்தாவிடம் கேட்டால் சொல்வார். கல்யாணத்துக்கும் அதுதான், காய்கறிக்கும் அதுதான். சென்னையை அடுத்த வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 'ஸ்டாண்டர்டு 20' என்ற வேன் தயாரானது. ஆம்புலன்சாகவும் பள்ளி வண்டியாகவும் அது ஓடியது. 1980-களின் இறுதியில் அந்த ஆலை மூடப்பட்டது.

சரி, இப்போது ஒரு கணக்கு. கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறுசேரியில் உங்கள் பெரியப்பாவுக்கு ஒரு மனை இருக்கிறது. அதில் ஒரு பழைய பெட்ரோல் வேன் நிற்கிறது. 1972-இல் பதிவானது. உள்ளே பலகைக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்குக்கென்று தனியாக ஒரு பேட்டரி. ஒரு காலத்தில் குடும்பமே அதில் கன்னியாகுமரி வரை போய் வந்தது. கடைசியாக ஓடி 12 ஆண்டுகள் ஆகின்றன. சிறுசேரியில் சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு சுற்றுவட்டார நிலமெல்லாம் கட்டடமாகிக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவும் வீடு கட்டப் போகிறார். வண்டி கிளம்பியாக வேண்டும். "நீதான் விஞ்ஞானம் படிக்கிறாயே, என்ன விலை சொல்லலாம் என்று பார்த்துச் சொல்லேன்" என்கிறார் உங்களிடம்.

எங்கிருந்து தொடங்குவீர்கள்?

உப்புக் காற்று

முதலில் வண்டியை விட்டுவிட்டுத் திசையைப் பாருங்கள். சிறுசேரிக்குக் கிழக்கே, காக்கை பறக்கும் வழியில் சுமார் நான்கு கிலோமீட்டரில் வங்கக் கடல். நடுவே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காடு உப்பங்கழியும் கிடக்கின்றன. சற்றுத் தெற்கே கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஆவியாகி உப்பு தங்கும் ஊர் அது. அந்த உப்பில் சிறிதளவு காற்றிலும் வருகிறது.

எப்படி? அலை உடையும்போது நுரை பொங்குகிறது அல்லவா? அந்த நுரையிலுள்ள ஒவ்வொரு குமிழும் வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளிகளை மேலே வீசுகிறது. காற்று அவற்றைத் தூக்கிக்கொள்கிறது. பெரிய துளிகள் கரையருகிலேயே விழுந்துவிடும். மிகச் சிறியவை உள்நாட்டுக்குள் பல கிலோமீட்டர் பயணம் செய்யும். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பின் அளவு விரைவாகக் குறைகிறது. எனவே கோவளத்தில் நிற்கும் வண்டியைவிடச் சிறுசேரி வண்டி கொடுத்து வைத்தது. ஆனாலும் 12 ஆண்டு என்பது நீண்ட காலம்.

உப்பு இரும்பை நேரே தின்பதில்லை. அது செய்வது வேறு வேலை. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைந்து நீர்த்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதை அம்மா காட்டியிருப்பார். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ இன்னும் பேராசைக்காரன். 33 விழுக்காடு ஈரப்பதமே அதற்குப் போதும். ஆகவே மழையே பெய்யாத இரவிலும் வண்டியின் தகட்டின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அந்த வினை வேகமெடுக்கிறது. குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் உள்ள பாதுகாப்புப் படலத்தையும் துளைக்கின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். மூன்று கண்ணாடிக் குப்பிகளில் மூன்று புதிய ஆணிகளை இடுங்கள். ஒன்றில் கொதிக்க வைத்து ஆற்றிய நீரை ஊற்றி, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் விடுங்கள். இன்னொன்றில் சாதாரண நீரைப் பாதி ஆணி வரை ஊற்றுங்கள். மூன்றாவதில் அதே அளவு உப்புநீர். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எண்ணெய்க்கு அடியில் உள்ள ஆணி ஏறக்குறைய அப்படியே இருக்கும். நீர் இருந்தும் ஆக்சிஜன் இல்லை. உப்புநீர் ஆணி என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

துருவால் அரிக்கப்படாத நாடு கிடையாது. ஆனால் தமிழகத்துக்கு அதில் தனிப் பங்கு உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடலின் நடுவே, உலகின் மிகக் கடுமையான அரிமானச் சூழல்களுள் ஒன்றில் நின்றது. ஓயாமல் வர்ணம் பூசியும் தகடு மாற்றியும் நூறாண்டுக்கு மேல் காத்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிறுத்தி வைத்து அவை எவ்வளவு தேய்கின்றன என்று அளந்து வந்திருக்கிறது. உங்கள் பெரியப்பாவும் 12 ஆண்டுகளாக அதே ஆராய்ச்சியைத்தான் செய்திருக்கிறார், எடை பார்க்காமல்!

கல்லுக்கும் இதே தொல்லைதான். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கிப் போயிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு, காய்ந்து படிகமாகும்போது துளையை நெருக்குகிறது. தொல்லியல் துறையினர் நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வைத்தார்கள்.

தார்ப்பாய் போட்டால் தப்பலாமா?

வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடி வைத்திருப்பதைப் பெரியப்பா பெருமையாகச் சொல்வார். அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். தரையிலிருந்து கிளம்பும் ஈரம் தார்ப்பாய்க்குள் மாட்டிக்கொள்கிறது. பகலில் சூடாகும் தகடு, இரவில் வேகமாகக் குளிர்கிறது. அதன் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே போனதும் உள்ளே அடைபட்ட நீராவி தகட்டின்மேல் பனித்துளியாக வேர்க்கிறது. காலை வெயிலில் அது ஆவியாகும், ஆனால் வெளியே போக வழியில்லை. இரவில் மறுபடியும் வேர்க்கும். திறந்த வெளியில் மழையாவது வந்து உப்பைக் கழுவிவிட்டுப் போகும். மூடிய வண்டிக்கு அந்தக் குளியலும் இல்லை. மேலே கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம், தரையில் சிமெண்டுத் தளம். வண்டிக்கு ஏற்றது மாட்டுக் கொட்டகை மாதிரியான இடம்தான்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்? கண்ணில் படும் இடத்தில் அன்று. சக்கர வளைவின் உட்புறம், கதவின் அடிவிளிம்பு, ஜன்னல் ரப்பருக்குக் கீழே, தரைத் தகட்டின் மடிப்பு. சேறும் சருகும் அடைந்து, நீர் வடியும் துளை மூடிக்கொண்ட இடங்கள். இடுக்கில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறிய மின்கலத்தை உருவாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடுக்கு நேர்மின்வாயாகி அரிபடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகும். அதனால்தான் வர்ணம் கொப்புளிக்கிறது. வெளியே ஒரு மிளகளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தளவு ஓட்டை தயாராக இருக்கக்கூடும். தகட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தானே!

விற்பவர் சிலர் என்ன செய்வார்கள் தெரியுமா? டிங்கர் வேலை செய்யாமலே ஓட்டையில் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுவார்கள். வாங்க வருகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுவருவார். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு ஓரமாக நகர்த்துவார். 'டக்' என்று ஒட்டினால் இரும்பு. வழுக்கி விழுந்தால் பட்டி. பத்து ரூபாய்க் காந்தம் ஒன்று பல ஆயிரம் ரூபாய்ப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களும் விலை சொல்லும் முன் அதே காந்தத்தால் உங்கள் வண்டியைச் சோதியுங்கள்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது?

"டயரில் பூவெல்லாம் அப்படியே இருக்கிறது, புதுசு மாதிரி!" என்று தரகர் சொல்வார். டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். அங்கே நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. அந்த டயரை ஊஞ்சல் கட்டத்தான் பயன்படுத்தலாம்.

ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளை வெட்டுகிறது. ரப்பர் இழுபட்டிருந்தால் வெட்டு விரிசலாகிறது. இதைத் தடுக்க டயரில் ஒருவகை மெழுகைக் கலந்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் வளைந்து நெளிய, மெழுகு மேலே கசிந்து ஒரு கவசமாகப் படிகிறது. ஓடாத டயருக்குக் கவசம் வருவதில்லை. உழைக்கும் டயரைவிடச் சும்மா இருக்கும் டயர் வெடிப்பது இதனால்தான். வீட்டில் இரண்டு ரப்பர் பட்டைகள் கிடைத்தால், ஒன்றை ஒரு குச்சியில் இழுத்து மாட்டியும் மற்றதைத் தளர்வாகவும் மொட்டை மாடி நிழலில் சில வாரம் வைத்துப் பாருங்கள். எது முதலில் வெடிக்கிறது, வெடிப்பு எந்தத் திசையில் போகிறது என்று குறித்து வையுங்கள்.

எஞ்சினும் பெட்ரோலும்

சாவியைப் போட்டுத் திருக வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம்! சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் என்றோ கீழே வடிந்துவிட்டது. பிஸ்டன் வளையமும் சுவரும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதைத்தான் பட்டறையில் 'எஞ்சின் ஜாம்' என்கிறார்கள். மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில கரண்டி எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்ப்பார். சுழன்றால் வண்டியின் விலையில் ஒரு பகுதி தப்பிற்று.

தொட்டியில் மிஞ்சிய பெட்ரோல் பெட்ரோலாக இருக்காது. எளிதில் ஆவியாகும் பொருள்கள் போய்விட்டன. எஞ்சியவற்றில் சில, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கோந்துபோல் ஆகிவிட்டன. கார்புரேட்டரில் ஊசிமுனை அளவுத் துளையை அடைக்க இதுவே போதும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் சரியாகிவிடுமா? அங்கேதான் இன்னொரு சிக்கல். இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எதனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. 1972-இல் அந்த வேனை வடிவமைத்தவர்கள் இதை நினைத்துப் பார்த்ததில்லை. எதனால் ஈரத்தை உறிஞ்சும். அந்தக் கால ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் உப்பச் செய்து நலிவிக்கும். வெடித்த குழாயிலிருந்து சொட்டும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் என்ன ஆகும்? வண்டியோடு உள்ளே தூங்குபவர்களும் எரிவார்கள். எனவே எரிபொருள் செல்லும் குழாய்கள் அனைத்தையும் மாற்றாமல் யாருக்கும் "ஓட்டிப் பாருங்கள்" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய உதிரிகள் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் ரப்பர் உறுப்புகளைப் பழையதாக வாங்குவது பணத்தை வீணாக்குவது.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈய-அமிலப் பேட்டரி சும்மா இருந்தாலும் மாதந்தோறும் சிறிது மின்னூட்டத்தை இழக்கும். நம் வெயிலில் இன்னும் வேகமாக. மின்னூட்டம் இழந்த தட்டுகளில் படியும் ஈய சல்பேட் நாளடைவில் பெரிய கெட்டிப் படிகங்களாகிவிடும். பிறகு எவ்வளவு மின்னூட்டினாலும் கரையாது. பன்னிரண்டு ஆண்டு நின்ற பேட்டரியை ஈய விலைக்குத்தான் எடுப்பார்கள். பழைய பேட்டரியைக் கடையில் ஒப்படையுங்கள். அதை உடைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அமிலமும் ஈயமும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல.

பிரேக்

இனிச் சொல்லப் போவதை நிதானமாகப் படியுங்கள். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி நிற்காது.

பிரேக் மிதியை அழுத்தினால், குழாயில் உள்ள திரவம் அந்த அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசெல்கிறது. பாஸ்கல் விதி படித்திருக்கிறீர்கள். திரவத்தை நசுக்க முடியாது. அதனால்தான் இது வேலை செய்கிறது. ஆனால் இந்தத் திரவமும் ஈரம் குடிக்கும். ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகக்கூடச் சிறிது சிறிதாக நீராவி உள்ளே புகுந்துவிடும். 'டாட் 3' என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது விதி. அதில் சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்தால் கொதிநிலைக்கான வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். யாரோ ஒரு குடும்பம் இந்த வேனை வாங்கிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகிறது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக். கட்டில், தண்ணீர், பாத்திரம் என்று வீட்டையே சுமந்துவரும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. எங்கோ ஒரு வளைவில் திரவத்தில் உள்ள நீர் கொதித்து ஆவிக் குமிழ் தோன்றுகிறது. ஆவியை எளிதில் நசுக்கலாம். ஓட்டுநர் மிதிக்கிறார், மிதி தரைவரை போகிறது, சக்கரத்துக்கு அழுத்தம் போகவில்லை.

சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் வரை சமதளத்தில் ஓட்டிக் காட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. அதனால்தான் விற்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய திரவமும் புதிய ரப்பர்களும் போட்டாயிற்றா, இல்லையா என்பதை எழுத்தில் கொடுங்கள். போடவில்லையென்றால், வண்டி லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

வண்டிக்குள் இருக்கும் வீடு

கதவைத் திறக்கும்போது ஒரு கோலால் தட்டிவிட்டுத் திறங்கள். எலி வந்த இடத்துக்குப் பாம்பும் வந்திருக்கும். எலி, அணில் இரண்டும் ஒயரின் மேலுறையைக் கடிக்கும். உறை போன இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால் தீ. கட்டிலுக்கு அடியில் பலகையை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக ஓசை கேட்டால் கரையான் குடியிருந்து போயிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மழைநீர் தேங்கியிருந்தால் உடனே கவிழ்த்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான பிரசவ விடுதி கிடையாது.

கேஸ் அடுப்புதான் முக்கியம். சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. கசிந்தால் மேலே போகாது. வண்டியின் தரையில் தண்ணீர்போல் தேங்கும். வீட்டிலாவது வாசற்படி வழியாக வெளியேறும். வேனின் தரையோ கிண்ணம்போல. அதிலே படுத்துத் தூங்குகிறார்கள்! ரப்பர்க் குழாயையும் ரெகுலேட்டரையும் யோசிக்காமல் மாற்றிவிடுவது நல்லது. கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை போதும். குமிழ் விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் அதிமேதாவிகள் இன்றும் இருக்கிறார்கள்.

விலையும் காகிதமும்

இத்தனை பார்த்தாயிற்று. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் குறைகள் சேர்ந்துவிட்டன. அவற்றைக் காட்டுவதா, மறைப்பதா?

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் இதே கேள்வியை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் மூன்று இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை நம் ரூபாயில் பார்ப்போம். சந்தையில் பத்து பழைய வேன்கள். ஐந்து நல்லவை, ஒவ்வொன்றும் 3 லட்சம் பெறும். ஐந்து மோசமானவை, 1 லட்சம் பெறும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் பளபளக்கின்றன. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாததால் சராசரியாக 2 லட்சம்தான் தருவார். நல்ல வேன்காரர், "3 லட்சம் பெறுவதை 2 லட்சத்துக்கா?" என்று வண்டியைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார். மிஞ்சியது மோசமானவை மட்டும். அதைப் புரிந்துகொண்ட வாங்குபவர் 1 லட்சத்துக்கு மேல் தரமாட்டார். கடைசியில் நல்ல வண்டிக்குச் சந்தையே இல்லாமல் போகிறது! குறைகளை மறைப்பதால் நட்டப்படுபவர் வாங்குபவர் மட்டுமல்லர் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது அல்லவா?

ஆகவே அந்த நான்கு பக்கத்தையும் படி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். துருப்பிடித்த தரையின் படம், டயரின் எண், பழைய பட்டறை ரசீதுகள், கன்னியாகுமரிப் பயணப் புகைப்படம் எல்லாம். புதுப் பெயிண்டைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். முதன்முதலில் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளைப் 'பழம்பெருமை வண்டி' என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. சட்டகம், மேற்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முன்பு பதிவாகாத வண்டிக்கு 20,000 ரூபாய்க் கட்டணம், மறுபதிவுக்கு 5,000. பத்தாண்டு செல்லும் என்று அப்போது அறிவித்தார்கள். புதிதாகப் பதியும் வண்டியின் எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்ப்பதற்கும்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றவென்று பிறந்த வண்டி, ஊர் சுற்ற முடியாது!

மற்ற வழி, சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும்; பிறகு தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். சொந்த உபயோகத்துக்கான முகாம் வேன் என்று ஒரு வகையே சட்டப்படி உண்டு. சேகரிப்பவர் கேட்டால் ஒரு விலை, பயணம் போகிறவர் கேட்டால் வேறு விலை. இருவரும் வராவிட்டால் இரும்புக்கடைத் தராசு. அப்போது இத்தனை ஆண்டில் துருவாகிப் போன இரும்புக்குக் காசு கிடையாது.

விற்பது முடிவானால் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. பெயர் மாற்றாமல் வண்டி போய், நாளை எங்காவது மோதினால் அலுவலகப் பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவர் பெரியப்பாதான். நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் வரும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தெருமுனை வரை ஓட்டிக் காட்டுவதும் சட்டப்படி குற்றம்.

வண்டி லாரியில் ஏறும் முன் கேஸ் சிலிண்டரை மறக்காமல் இறக்கிவிடுங்கள். அந்த இணைப்பு பெரியப்பாவின் பெயரில் உள்ளது. வண்டியோடு சேர்த்து விற்கக் கூடியது அன்று. சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். 'ஏ' முதல் 'டி' வரை ஆண்டின் நான்கு காலாண்டுகள், எண், ஆண்டு. அடுத்த சோதனைக்கு உரிய நாள் அது. பன்னிரண்டு ஆண்டு நின்ற வேனில் அது எப்போதோ கடந்து போயிருக்கும். எரிவாயு விநியோகக் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்து எடுத்துப் போவார்கள்.